மஞ்சள் வயரைக் கழற்றிய பிறகு

தம்பி தங்கச்சிமாரே,

போன கிழமை பழைய கடைப் பக்கம் வந்து உங்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: “ஐயா, கடைக்கு வர்றவங்களோட சொந்தக் கல்யாண வீடியோக் கெசட்டுதாங்க. போட்டா, காப்பி பண்ண முடியாதுன்னு மெசின் எழுத்துக் காட்டுது. அதுக்கு என்னங்க செய்யணும்?” நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. ஒரு வரியில் சொன்னால் நீங்கள் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பீர்கள், அதுதான் பயம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்த வயரை எங்கே குத்துவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஹட்டனில் இந்தக் கடை மாடிக்கு நான் வேலைக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது எங்களுக்குப் பிழைப்பு டிவியும் டெக்கும் வாடகைக்கு விடுவது. சம்பளம் போட்ட சனிக்கிழமை பகலிலேயே தோட்டத்து இளவட்டங்கள் வந்துவிடுவார்கள். ஒருவன் டிவியைத் தலையில் வைத்துக்கொள்வான், ஒருவன் டெக்கைச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்வான், மூன்றாமவன் கெசட்டுகளை வைத்துக்கொண்டு பெரிய மனிதன் மாதிரி முன்னால் நடப்பான். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் அந்த ஊர்வலம் ஏறுவதை மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். டிவி விழுந்துவிடுமோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் எட்டி எட்டிப் பார்ப்பேன். இன்றைக்கு நினைத்தால் அந்தப் பயம்கூட இனிக்கிறது. அந்த நாட்களை நான் மிகவும் விரும்பினேன், அதை மறைத்துப் பேசத் தெரியவில்லை.

பிறகு தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் சொந்த டிவி வந்தது. வாடகை நின்றது. அதற்கும் பிறகு டிஸ்க் வந்து, கல்யாணக் கெசட்டு, சடங்குக் கெசட்டு, சாவு வீட்டுக் கெசட்டு என்று எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றித் தரச் சொல்லித் தூக்கிக்கொண்டு சனம் எங்கள் மாடிப்படி ஏறியது. நம் பனிக்கும் ஈரத்துக்கும் கெசட்டு தாங்காது. மூடியைத் திறந்தால் நாடாவின் ஓரத்தில் பூஞ்சணம் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். நாங்கள் அலுமாரிக்குள் ஒரு சின்ன பல்ப்பை எப்போதும் எரியவிட்டு அந்தச் சூட்டில் கெசட்டுகளைக் காயவைப்போம். முதலாளிக்கு அந்த அலுமாரி கோழிக்கூடு, எனக்கு அது ஆஸ்பத்திரி.

இனிப் பூட்டு விசயம். அசல் சினிமாக் கெசட்டுகள் சிலவற்றில், காப்பி எடுக்கக் கூடாது என்று படத்தோடு ஒரு மறைவான குறியைச் சேர்த்து அனுப்புவார்கள். கண்ணுக்குத் தெரியாது. டிஸ்க் மெசின் அதைக் கண்டுகொண்டால் உடனே நின்று எழுத்துப் போட்டுவிடும். கடையில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் பூட்டு. “பூட்டு விழுந்திருச்சு” என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

சினிமாக் கெசட்டுகளை மாற்றித் தருவதில்லை என்பது எங்கள் கடை வழக்கம். அதை ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. ஒருவர் கெசட்டின் மேல் ‘மகள் சடங்கு’ என்று அழகாக எழுதி ஒட்டிக் கொண்டுவந்தார். போட்டதும் பூட்டு விழுந்தது. திரையில் மீசையும் கம்புமாக ஒருவர் நாலு பேரை அடித்துக்கொண்டிருந்தார். “ஒங்க மகளுக்கு மீச நல்லா எடுப்பா இருக்குதுங்க” என்றேன். அவர் கொஞ்சமும் அசராமல், “அது தாய்மாமன்ங்க” என்றார். அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இப்படிப் பார்த்துப் பார்த்து, பூட்டு விழுந்தால் அது சினிமா, சினிமா என்றால் நமக்கு வேலையில்லை என்று மனம் பழகிப்போனது. நாடா நைந்திருந்தாலும் சில வேளை மெசின் மிரண்டு பூட்டுப் போடும், அது வேறு கதை.

சொந்தக் கெசட்டுகளுக்குள்ளும் சினிமா இருந்தது. அந்தக் காலத்து வீடியோக்காரர்களின் கைவரிசை அது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றி முடிவதற்குள் ஒரு கதாநாயகனும் கதாநாயகியும் வந்து பனிமலையில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். நுவரெலியாவில் பிறந்து பனியில் விறைத்த பெண்ணுக்கு எதற்கு இன்னொரு பனிமலை என்று எனக்கு விளங்கியதே இல்லை. ஆனால் சனத்துக்கு அது பெருமை. அசல் கெசட்டிலிருந்து எடுத்து ஒட்டும்போது பூட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். டிஸ்க் மெசின் அந்த இடம் வந்ததும் நின்றுவிடும். நாங்கள் அந்தத் துண்டை மட்டும் தாண்டிப்போய் மிச்சத்தை எடுத்துக் கொடுப்போம். “சினிமாத் துண்டு வெட்டுப்பட்டிருக்கும்” என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை செய்யும்போது நாங்கள் சத்தத்தை அடைத்துவிடுவோம். நாள் முழுக்க நாலு கல்யாணத்து மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கும். மெசின் சத்தத்தை எடுத்துக்கொள்ளும், எங்களுக்குப் படம் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த நிலையில்தான் சரசுவின் கெசட்டு வந்தது. சரசு றொசல்லப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த அவளுடைய கல்யாணம் அந்தக் கெசட்டில் இருந்தது. பட்டுச் சேலைக்குள் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தாளாம். சேலை தப்பிவிட்டது, கெசட்டு தப்பவில்லை. அடுப்புக்கு மேலே வைத்திருந்தால் புகை நாறினாலும் பூஞ்சணம் பிடித்திருக்காது என்று திட்டினேன். “கல்யாணத்த யாராச்சும் அடுப்புக்கு மேல வைப்பாங்களாண்ணே?” என்றாள்.

பல்ப்புச் சூட்டில் காயவைத்து, துடைத்து, மெதுவாக ஓட்டினேன். தாலி கட்டியது வந்தது, பந்தி வந்தது. மாலையில் வரவேற்பு நடந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டுக் காட்சி வர, பூட்டு விழுந்து மெசின் நின்றது. டெக்கையும் நிறுத்தினேன். பூஞ்சணம் பிடித்த நாடா ஓடும்போது பெரிதாக ஒன்றும் செய்யாது, நிற்கும் இடத்தில்தான் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்திலேயே ஒட்டிக் கசங்கிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலால் எடுத்து நீவிவிட்டேன். பிறகு பாட்டுக் காட்சியைத் தாண்டி மிச்சத்தை எடுத்து முடித்தேன். சினிமாத் துண்டு தவிரக் கல்யாணம் முழுக்க டிஸ்க்கில் வந்துவிட்டது. நல்ல வேலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

டிஸ்க்கை வாங்கச் சரசு வந்தபோது கூட இன்னொரு பெண்ணும் வந்தாள். சரசுவின் அண்ணன் தங்கராஜின் மனைவி, பெயர் புஷ்பம். தங்கராஜ் உயிரோடு இல்லை. சரசுவின் கல்யாணத்துக்கு அடுத்த மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து போய்விட்டார். அப்போது புஷ்பத்தின் கையில் பிறந்து சில மாதமான பெண் குழந்தை. அந்தக் குழந்தை கலா, இவர்கள் கடைக்கு வந்த நேரம், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ரயிலில் புஷ்பம் கொழும்புக்குப் போகிறாள், அங்கிருந்து குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு. கலா சரசுவின் வீட்டில் இருப்பாள். இவ்வளவையும் படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் சரசுவே சொல்லி முடித்தாள்.

நான் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டேன். சரசு உட்கார்ந்தாள்.

“ஒக்காருங்கம்மா” என்றேன் புஷ்பத்திடம்.

“இருக்கட்டுங்க” என்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கொழுந்து பறிக்கும் மலையில் நாள் முழுக்க நின்று பழகியவர்கள் கடைக்கு வந்தால் உட்கார மாட்டார்கள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“எல்லாம் நல்லா வந்துருக்கு சரசு. அந்த சினிமாத் துண்டு மட்டும் பூட்டு விழுந்ததால வெட்டுப்பட்டுருச்சு. ஒனக்கு ஒரு நட்டமும் இல்ல” என்றேன்.

“ஐயோ அண்ணே, அந்தப் பாட்டப் போட்டதுக்குத் தோட்டமே பேசுச்சு” என்றாள் சரசு. “சரி, போகட்டும் விடுங்க. தாலி கட்டுனது இருக்குல்ல.”

புஷ்பத்தின் முகம் மாறியது. “அந்த எடம் மட்டுந்தாங்க எனக்கு வேணும்” என்றாள்.

நடிகர் மேல் அவ்வளவு பிரியமா என்று கேலி செய்ய வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். “அதுல என்னம்மா இருக்கு?” என்றேன்.

“அவரு பாடுனது அதுலதாங்க இருக்கு. படந்தான் சினிமா. பாட்டு அவரு பாடுனது.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரசு விளக்கினாள். தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், பகலில் குழந்தைகளை விட்டுப்போகும் அந்தக் கட்டிடத்தில், மாலை வரவேற்பு. வெளியே மழையும் காற்றும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கல்யாணத்தில் விளக்கு அணைந்தால் நம் சனம் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் குசுகுசுப்பு கிளம்பிவிட்டது. சிலர் எழுந்து வாசலுக்குப் போகிறார்கள். சரசு அழத் தொடங்கிவிட்டாள். அப்போது இருட்டுக்குள்ளிருந்து தங்கராஜ் பாட ஆரம்பித்தார். அந்த வருசம் எல்லோர் வாயிலும் இருந்த சினிமாப் பாட்டு. மைக் இல்லை, வெறும் குரல். போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

கமரா பற்றரியில் ஓடியது, அதன் விளக்கு கரண்டில் எரிந்தது. ஆக, கமராவில் இருட்டும் சத்தமும் மட்டும் பதிந்தது. கல்யாணக் கெசட்டில் இருட்டு இருக்கவே கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். வட்டவளையிலிருந்து வந்த வீடியோக்காரர் அதே பாட்டின் சினிமாக் காட்சியை எடுத்து அந்த இருட்டின் மேல் ஒட்டி மூடினார்.

“அண்ணன் பாடுனது நெசந்தான்” என்றாள் சரசு. “ஆனா கெசட்டுல கேக்குறது சினிமாக்காரரு பாடுனதுதான் மதினி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“இல்ல சரசு. அவரு கொரலுதான்.”

“எப்புடி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க? ரெண்டு பேருஞ் சேர்ந்துதான பார்த்தோம்.”

“எனக்குத் தெரியும்” என்றாள் புஷ்பம்.

இரண்டு பேர், ஒரே கெசட்டைப் பார்த்தவர்கள், இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கெசட்டைக் கையில் வைத்திருந்த நானோ சத்தத்தை அடைத்துவிட்டு ஓட்டியிருக்கிறேன். வீடியோக்காரரைக் கேட்கலாம் என்றால் அந்த மனிதர் ஊரைவிட்டுப் போய்ப் பல வருசம். போட்டுக் கேட்டுப் பார்க்கவும் முடியாது, கசங்கியிருந்தது அதே இடம். இன்னும் ஒரு தடவை தாங்கும் என்று கைக்குத் தோன்றியது, இரண்டாவது தடவைக்கு என் மனம் உறுதி சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கும் தடவையும் எடுக்கும் தடவையும் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

பக்கத்துக் கடையில் ரேடியோ திருத்தும் நிமல் எங்கள் பேச்சைக் கேட்டு உள்ளே வந்தார். சிங்களவர், எனக்கு நல்ல சிநேகிதர். பூட்டை உடைக்கும் சின்னப் பெட்டி ஒன்று கண்டியில் ஒரு ஆளிடம் இருக்கிறது, சனிக்கிழமை வாங்கிவருகிறேன், படம் பாட்டு இரண்டையும் எடுத்துவிடலாம் என்று சிங்களத்தில் சொன்னார். சரசுவின் முகம் மலர்ந்தது.

“சனிக்கெழம வரைக்கும் பார்ப்போமே மதினி. ரெண்டும் கெடைச்சுரும்.”

“நாளைக்கு நான் போயிருவேனே சரசு.”

“நீங்க போனாலும் நான் வாங்கி வப்பேன்ல. கலாக்குத்தான?”

“அது இருக்குதா இல்லையான்னு தெரியாம நான் எப்புடிப் போறது?” என்றாள் புஷ்பம். குரல் உயரவில்லை. “அவளுக்கு அப்பாவத் தெரியாது. நாளையிலருந்து நானும் பக்கத்துல இல்ல. அவரு கொரலாச்சும் வீட்டுல இருக்கணும்ங்க.”

தம்பிமாரே, எங்கள் தொழிலில் இந்த மாதிரி நேரத்தில்தான் அவசரப்படக் கூடாது. அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு ஒரு கூச்சம் எப்போதும் இருந்தது. நாலு பேர் தங்கள் பொருளை நம்பிக் கொடுக்கும் கடையில் பூட்டு உடைக்கும் சாமானை வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் நான் பெரிய யோக்கியன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. பெட்டி அன்றைக்கே மேசையில் இருந்திருந்தால் எடுத்து மாட்டியிருப்பேனோ என்னவோ. அது இல்லாததால் யோசிக்க வேண்டி வந்தது.

யோசித்தபோது தோன்றியது இவ்வளவுதான். மெசின் பூட்டுப் போட்டது படத்துக்கு. படம் சினிமாக்காரருடையது, இவர்களுடையது இல்லை. இவர்களுடையது அதற்குக் கீழே இருக்கிற குரல், இருந்தால். மெசின் குரலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. டெக்கிலிருந்து டிஸ்க் மெசினுக்குப் போகும் வயர்களில் மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மஞ்சளைக் கழற்றிவிட்டால் மெசினுக்குப் படமே தெரியாது, பூட்டும் தெரியாது. வெறும் இருட்டையும் சத்தத்தையும் பதிந்துகொள்ளும்.

இதைச் சொன்னதும் சரசு எழுந்துவிட்டாள்.

“இருட்டாவா? கல்யாண டிஸ்க்குல இருட்டு இருக்கலாமாண்ணே? அத மறைக்கத்தான அவ்வளவு பாடுபட்டாங்க.”

“ஒன் கல்யாண டிஸ்க்குல சேர்க்க மாட்டேன். இது தனி டிஸ்க்.”

“நாடா அந்துச்சுன்னா?”

“அந்துச்சுன்னா சினிமாவும் போயிரும், சனிக்கெழமையும் ஒண்ணும் செய்ய ஏலாது. அத ஒளிக்காமச் சொல்லிர்றேன். கெசட்டு ஒன்னோடது. நீ வேணாம்னா நான் தொட மாட்டேன்.”

அவள் மறுபடி உட்கார்ந்தாள். கெசட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மாடிக்குக் கீழே பஸ் நிலையத்தில் யாரோ நுவரெலியா, நுவரெலியா என்று கூவிக்கொண்டிருந்தான். நிமல் மெல்ல நழுவித் தன் கடைக்குப் போய்விட்டார். நான் மேசையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். வாடிக்கையாளர் முடிவெடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அது அவரைத் தள்ளிவிடுவது மாதிரி.

“அன்னைக்கும் இருட்டாத்தான இருந்துச்சு சரசு” என்றாள் புஷ்பம். “நீ அழுதுகிட்டு ஒக்காந்திருந்த. எல்லாம் எந்திரிச்சுப் போகப் பார்த்தாங்க. அந்த இருட்டுலதான் அவரு பாடுனாரு.”

சரசு சேலைத் தலைப்பால் கெசட்டின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். அதில் தூசி இருக்கவில்லை, நானே காலையில் துடைத்து வைத்திருந்தேன். பிறகு என்னிடம் நீட்டினாள்.

“செய்ங்கண்ணே” என்றாள்.

அந்த இடத்தில் எனக்கும் பயம் வந்தது. மெசின் பழுதானால் திருத்தலாம். இது திருத்த முடியாத பொருள். அதைவிடப் பெரிய பயம், நாடா ஓடி அந்தச் சினிமாக்காரரின் குரலே கேட்டால் என்ன செய்வது என்பது. புஷ்பத்தை நம்புவதா, என் அனுபவத்தை நம்புவதா என்றால், என் அனுபவம் சரசுவின் பக்கம்தான் நின்றது. காட்சியை ஒட்டுகிறவர்கள் பாட்டையும் சேர்த்துத்தான் ஒட்டுவார்கள், நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான். ஆனால் என் அனுபவமெல்லாம் சத்தத்தை அடைத்து வைத்துக்கொண்டு பெற்ற அனுபவம் என்பது அப்போதுதான் உறைத்தது. பார்த்தவள் சொல்வதைவிட, அந்த இருட்டுக்குள் இருந்தவள் சொல்வதை நம்பலாம் என்று முடிவு செய்தேன். சரசுவும் அங்கேதான் இருந்தாள், உண்மை. ஆனால் அழுதுகொண்டிருந்தவளுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்காது.

டெக்கின் தலையைத் துடைத்தேன். கெசட்டைப் போட்டு, பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓடவிடும் மாதிரி வைத்தேன். நடுவில் என்ன ஆனாலும் நிறுத்துவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஞ்சள் வயரைக் கழற்றினேன். டிவியில் சத்தத்தைக் கூட்டினேன்.

“நீங்க ஒக்காருங்கம்மா, கொஞ்ச நேரம் ஆகும்” என்று மறுபடியும் புஷ்பத்திடம் சொன்னேன்.

“இருக்கட்டுங்க” என்றாள். இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

பிறகு நடந்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாடா என்ன ஆனது என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். நாடா பாட்டு முழுவதற்கும் தாங்கியது. பாட்டு முடிந்து கைதட்டல் வரும்போது அறுந்து டெக்குக்குள் சுற்றிக்கொண்டது. அந்தக் கெசட்டு அதோடு முடிந்தது. சினிமாக் காட்சி போய்விட்டது. அன்று பின்னேரம் அவர்கள் தோட்டத்துக்குத் திரும்பும் ரயிலுக்கு முன்னால் டிஸ்க்கை முடித்துக் கொடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாகப் போடச் சொல்லி, ஒன்றை வீட்டில் வைத்து, ஒன்றைப் புஷ்பம் தன் பையில் வைத்துக்கொண்டாள். அதற்கடுத்த மாதம் சரசு தனியாக வந்து, அந்த இருட்டைத் தன் கல்யாண டிஸ்க்கிலேயே அதற்குரிய இடத்தில் சேர்த்துத் தரச் சொன்னாள். ரோஜாப்பூப் படம் ஏதாவது போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நிமலின் பெட்டி வந்தது, நான் வாங்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் சத்தத்தை அடைத்து வேலை செய்ததில்லை. மேளம் கேட்டுக் கேட்டு இந்த இடது காது இப்போது கொஞ்சம் மந்தம், பரவாயில்லை.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். எழுத்து விழுந்தால் உடைக்கவும் ஓடாதீர்கள், வெட்டவும் ஓடாதீர்கள். எது யாருடையது என்று மெசினுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. கெசட்டைக் கொண்டுவந்தவரைக் கேளுங்கள். இருவர் வந்தால் இருவரையும் கேளுங்கள், பேசாமல் நிற்பவரைக் கட்டாயம் கேளுங்கள்.

அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

நாடா ஓடியது. திரையில் ஒன்றும் இல்லை. முதலில் மழைச் சத்தம் கேட்டது, தகரத்தில் விழும் மழை. அதற்குள் ஒரு பெரிய கூட்டத்தின் முணுமுணுப்பு, எங்கோ ஒரு குழந்தையின் அழுகை, வாளி ஒன்று உருண்ட சத்தம். சினிமாப் பாட்டுக்கு முன்னால் வரும் வாத்தியம் எதுவும் இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சரசு வாயைப் பொத்திக்கொண்டாள்.

குரல் வந்தது. பயிற்சி பெற்ற குரல் இல்லை. மேல் ஸ்தாயியில் கொஞ்சம் பிசிறடித்தது. ஆனால் அவசரமே இல்லாத குரல், கரண்ட் போனது ஒரு விசயமே இல்லை என்பது மாதிரி. முதல் வரியில் கூட்டம் பேசிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாவது வரியில் அடங்கிவிட்டது. மழையும் அவர் குரலும் மட்டும் கேட்டன. அண்ணே, அண்ணே என்று சரசு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

சரணத்தின் நடுவில் பாட்டு சட்டென்று நின்றது. நாடாதான் ஒட்டிக்கொண்டது என்று என் கை டெக்குக்குப் போய்விட்டது. ஆனால் மழைச் சத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து அதே குரல், பாடாமல், பேசியது.

“புஷ்பம், எந்திரிக்காத. படி இருக்கு, விழுந்துருவ. வயித்துப் புள்ளக்காரி. அங்கனயே ஒக்காரு, நான் வர்றேன்.”

பனிமலையில் கதாநாயகன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சரசுவும் தோட்டத்துச் சனமும் எத்தனையோ தடவை கேட்டும் காதில் வாங்காத பேச்சு அது. சரசு திரும்பிப் புஷ்பத்தைப் பார்த்தாள். “மதினி, இத நான் கேட்டதே இல்லையே” என்றாள்.

புஷ்பம் சுவரோரத்திலிருந்து வந்தாள். நான் போட்டுவைத்திருந்த கதிரையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, அதில் உட்கார்ந்தாள்.

பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.